ஓலையைப் பெயர்த்து எழுதுவதா, ஸ்கேன் எடுப்பதா?

இரண்டையும் ‘படி’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் படியெடுக்கப்படும் பொருள் வேறு வேறு.

பழைய ஓலைச்சுவடியைப் பார்த்துப் புது ஓலையில் பெயர்த்து எழுதியவர் எடுத்தது பாட்டை. பழைய ஓலையில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி. ஆக வரிக்கு வரி அவர் முடிவெடுத்தாக வேண்டும். தவறினால் பாடபேதம், அதாவது ஒரே பாட்டு படிக்குப் படி வேறு சொல்லோடு நிற்கும். ‘ஏட்டைக் கெடுத்தவன் எழுதினவன்’ என்று திட்டுகிறோம். அவர் எழுதியிருக்காவிட்டால் கரையான் தின்றதோடு கதை முடிந்திருக்கும். பழைய ஓலை அழிந்ததும் அவருடைய படியே மூலம்.

ஸ்கேன் எடுப்பது ஓலையை, பூச்சி துளைத்த ஓட்டை உட்பட. ‘இது ரகரமா, காலா’ என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது. ஆய்வுக்கு என் ஓட்டு இதற்குத்தான். படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்து, எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் எண்) குறித்துக்கொண்டால், ஒரு பிட் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதையே, நுணுக்கத்தை இழந்து சுருங்கும் ஜேபெக் (JPEG) ஆக்கி வாட்ஸ்அப்பில் நாலு கை மாற்றிப் பாருங்கள்: எழுத்தின் ஓரம் கரைந்து, எழுத்தாணிக் கீறலா ஓலை நரம்பா என்றே புரியாது. முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்களும் உண்டு. ஓலைக்கு இரண்டு பக்கம், ஐயா!