ஆக்டனா, பீட்டனா? பழைய பிரிட்டிஷ் சமையல் நூல் வாங்குவோருக்கு

ஒரே ஒரு நூல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைசியில் மிஞ்சுவது எலிசா ஆக்டனின் ‘மாடர்ன் குக்கரி’யும் (1845) இசபெல்லா பீட்டனின் ‘ஹவுஸ்ஹோல்ட் மேனேஜ்மென்ட்’டும் (1861) தான். ‘இந்திய முறைக் கறி’க்குக் குறிப்புத் தந்த ஹன்னா கிளாஸின் 1747 முதல் பதிப்பு விற்பனைக்கு வருவதே அபூர்வம். நான் ஆக்டனைத்தான் எடுத்தேன்.

புகழில் பீட்டன்தான் முன்னால். முதல் ஆண்டிலேயே 60,000 பிரதிகள் விற்றன. ஆனால் பொருள்களையும் நேரத்தையும் தனியாகப் பிரித்துத் தரும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஆக்டன். அவர் அதைக் குறிப்பின் அடியில் போட்டார். பீட்டன் பொருள்களை மேலே கொண்டுவந்தார். ஆக்டனின் குறிப்புகள் பலவற்றைப் பெயர் சொல்லாமல் எடுத்தும் கொண்டார். ஆக்டனில் ‘மிஸ்டர் ஆர்னட்’ கறிப்பொடி என்று ஒன்று உண்டு: மஞ்சள் 8 அவுன்ஸ், மல்லி 4, சீரகம் 2, வெந்தயம் 2, காய்ந்த மிளகாய்ப் பொடி அரை. பாதிக்குப் பாதி மஞ்சள்! மஞ்சளை அள்ளிக் கொட்டாதீர்கள் என்று அதே நூலில் அவரே எச்சரிக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பீட்டன் 1,100 பக்கத்தைத் தாண்டிய தடித்த புத்தகம். நிமிர்த்தி வைத்தால் தாள்கட்டின் கனம் கீழே இழுத்து, அட்டை மடியும் இடத்தில் கிழிசல் விழும். படுக்க வைத்துத்தான் காக்க வேண்டும். விரிக்கும்போது இருபுறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். தோல் முதுகு என்றால் இன்னொரு தொல்லை: விரலில் செம்பொடி ஒட்டினால் தோல் சிதைகிறது என்று அர்த்தம். எண்ணெய் தடவாதீர்கள், கறை தாளுக்கு இறங்கும். ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொருளை மெல்லிதாகப் பூசினால் பொடி அடங்கும்; போன வலு திரும்பாது. முதுகு மாற்றும் கூலி சில சமயம் புத்தக விலையையே தொட்டுவிடும்.

பீட்டனின் வண்ணப் படத் தாள்களைச் சட்டம் போட வெட்டி எடுத்துவிடுவார்கள். படப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்டனில் பெரும்பாலானவை எழுத்தோடு சேர்ந்தே அச்சான மரச்செதுக்குப் படங்கள். அவற்றை வெட்டினால் பக்கமே போய்விடும் என்பதால் தப்பித்திருக்கின்றன.

எதை வாங்கினாலும், தாள்களைக் கட்டும் வரிசை தெரிவதற்காக அவற்றின் அடியில் அச்சிட்ட A, B, C எழுத்துகளைச் சரிபாருங்கள். J, V, W மூன்றும் வழக்கமாக இருக்காது. I-க்கு அடுத்து K வந்தால் பதற வேண்டாம். தலைப்புத் தாளும் புத்தகத்தின் கடைசித் தாளும்தான் முதலில் காணாமல் போகும். அடுப்படியில் புழங்கிய புத்தகம் அல்லவா! எண்ணெய்க் கறையைக் குறையாக நினைக்காதீர்கள். தாள் குறைவதுதான் விலையை அடிக்கும்.

தேதியிலும் ஏமாறக் கூடாது. 1866-க்குப் பிறகு பீட்டனின் உரிமை வார்ட் லாக் நிறுவனத்திடம் போனது. அவர்களின் மறுபதிப்புகள் பலவற்றில் ஆண்டே இருக்காது. இசபெல்லாவின் கணவரும் முதல் பதிப்பாளருமான சாமுவேல் பீட்டனின் பெயரும் 1861-ம் இல்லாத பிரதியை ‘முதல் பதிப்பு’ என்றால் நம்பாதீர்கள். ஆக்டனில் 1855 திருத்தப் பதிப்பும் நல்ல தேர்வுதான், படிக்கவும் சமைக்கவும் அதுவே விரிவானது. விலை நிலவரம் ஏலத்துக்கு ஏலம் மாறுவதால் எண் எதுவும் சொல்லவில்லை.

பீட்டனைப் படிக்க மட்டும்தான் ஆசை என்றால், ஜொனாதன் கேப் 1968-இல் வெளியிட்ட 1861 பதிப்பின் நகலே போதும்.