கீஃபோனை விட்டு டீம்ஸ் ஃபோனுக்கு: கோலாலம்பூர், பினாங்கு அலுவலகங்களுக்கான நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தலைமை அலுவலகம், பினாங்கின் பாயான் லெப்பாஸில் கிளை, கெடாவின் கூலிமில் ஒரு கிடங்கு. இப்படிப் பரவிக் கிடக்கும் நடுத்தர நிறுவனங்கள் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு மாறும்போது என்ன நடக்கிறது, மாறி வெகுநாளான பின் எது நிலைக்கிறது, எது தொல்லை தருகிறது என்பதுதான் இந்தப் பகிர்வு. பழைய அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரே நேரத்தில் 30 அழைப்பு தாங்கும் ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி) லைனில் ஓடும் கீஃபோன் எனும் அலுவலகத் தொலைபேசி அமைப்பு, கூட்டங்களுக்கு ஸ்கைப் ஃபார் பிசினஸ் சர்வர். ஸ்கைப் ஃபார் பிசினஸ் ஆன்லைன் 2021 ஜூலை 31-இல் மூடப்பட்டது. சொந்த சர்வரில் ஓடிய 2015, 2019 பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

கூட்டங்களை மாற்றுவது எளிது, தொலைபேசியை மாற்றுவதுதான் உண்மையான வேலை. விற்பனையாளர்கள் தரும் திட்ட அட்டவணையில் இது தலைகீழாக இருக்கும்: கூட்டங்களுக்கு மூன்று பக்கம், எண்களுக்கு ஒரு வரி. அந்த அட்டவணையை அப்படியே ஏற்காதீர்கள்.

கூட்டங்களை முதலில் முடித்துவிடலாம். ஒரு பயனரை 'டீம்ஸ் ஒன்லி' (ஸ்கைப்பை விட்டு டீம்ஸ் மட்டும்) நிலைக்கு மாற்றியதும், அவர் ஏற்பாடு செய்திருக்கும் வருங்காலக் கூட்டங்களின் இணைப்புகள் தானாகவே டீம்ஸ் இணைப்புகளாக மாறும். ஆனால் அவருடைய அஞ்சல் பெட்டி மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணி அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இருக்க வேண்டும். அலுவலக சர்வரிலேயே இருந்தால் எதுவும் மாறாது. திங்கட்கிழமை காலை எல்லோரும் பழைய இணைப்பைச் சொடுக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். அதனால் அஞ்சல் பெட்டிகளை முதலில் நகர்த்துங்கள், டீம்ஸ் நிலையைப் பிறகு மாற்றுங்கள். பழைய கூட்டங்களுக்குள் ஏற்றி வைத்த வெண்பலகைகளும் வாக்கெடுப்புகளும் கூடவே வராது.

கூட்ட அறைகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வாடிக்கையாளர் ஸூம் அழைப்பு அனுப்புகிறார். அதை அறைக்கென உள்ள அஞ்சல் பெட்டிக்கு ஃபார்வர்ட் செய்தால், அறைத் திரையில் சேர்வதற்கான பொத்தான் வருவதில்லை. கருவி பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். கோளாறு அறையின் அஞ்சல் பெட்டி அமைப்பில் இருக்கிறது. வந்த அழைப்பின் உள்ளடக்கத்தையும் தலைப்பையும் அழித்துவிடுவதுதான் அதன் இயல்பு நிலை. உள்ளடக்கம் அழிந்தால் ஸூம் இணைப்பும் போய்விடும். உள்ளடக்கத்தை வைத்திருக்கவும், வெளியாரின் அழைப்புகளை ஏற்கவும் அந்தப் பெட்டியை அமைத்து, அறைக் கருவியில் ஸூம் சேர்க்கையையும் திறந்துவிட்டால் சரியாகிவிடும். சிறிய அலுவலகங்களுக்கு 25 அறைகள் வரை இலவசமான டீம்ஸ் ரூம்ஸ் பேசிக் உரிமமே போதும். இன்னொன்று: கூட்டப் பதிவுகள் இயல்பாக 120 நாளில் காலாவதியாகும். வழக்கறிஞர் அலுவலகங்களும் கணக்காய்வு நிறுவனங்களும் முதல் நாளே அந்தக் கொள்கையை மாற்றிவிட வேண்டும்.

இனி எண்கள்.

கோலாலம்பூரில் 03-க்குப் பிறகு 8 இலக்கம், பினாங்கில் 04-க்குப் பிறகு 7 இலக்கம். கெடாவும் பெர்லிஸும் 04-தான் என்பதால் கூலிம் கிடங்குக்குத் தனி டயல் பிளான் (அழுத்தும் எண்ணை முழு எண்ணாக மாற்றும் விதித் தொகுப்பு) தேவையில்லை, பினாங்கினுடையதே போதும். ஆனால் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் தனித்தனியே வேண்டும். ஊழியர்கள் உள்ளூர் எண்ணைப் பகுதிக் குறியீடு இல்லாமல்தான் அழுத்துவார்கள், பல ஆண்டுப் பழக்கம் அது. கோலாலம்பூர் பிளானில் 8 இலக்கம் வந்தால் முன்னால் +603 சேர வேண்டும். பினாங்கு பிளானில் 7 இலக்கம் வந்தால் +604. கைத்தொலைபேசிக்கு 01-இல் தொடங்கும் 10 இலக்கம்; 011 மட்டும் 11 இலக்கம். விதியில் 10 இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு 011-ஐ விட்டுவிடும் நிறுவுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1300, 1800 எண்களுக்கும் தனி விதி எழுதுங்கள்: மொத்தம் 10 இலக்கம், முன்னால் சுழியம் இல்லை, எனவே பொது விதியில் அவை சிக்காது.

விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். இங்கேதான் சிங்கப்பூர் அழைப்புகள் சிக்குகின்றன. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு 02 போட்டு 8 இலக்கம் அழுத்துவது வழக்கம். 'சுழியத்தில் தொடங்கினால் சுழியத்தை எடுத்து +60 சேர்' என்ற பொது விதி மேலே இருந்தால், அந்த அழைப்பு +602 என்ற இல்லாத எண்ணுக்குப் போய் அறுந்துவிடும். 02-உடன் 8 இலக்கம் வந்தால் +65 என்ற விதியைப் பொது விதிக்கு மேலே வையுங்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களில் ஒரு நாளைக்கு எத்தனை சிங்கப்பூர் அழைப்பு போகும் என்று யோசித்தால் இந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும்.

கீஃபோன் காலத்தில் வெளி லைனுக்கு 9 அழுத்திய விரல்கள் அதை எளிதில் மறக்காது. மாறும் காலத்துக்கு 9-ஐ நீக்கும் விதிகளை வைத்திருப்பது நல்லது, ஆனால் இலக்கங்களை எண்ணியே எழுதுங்கள். கோலாலம்பூரில் 03-9 எனத் தொடங்கும் எண்களும் உண்டு. 9-ஐக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் செராஸ் வாடிக்கையாளர்களில் ஒருவரையும் ஊழியர்களால் அழைக்க முடியாது. கோலாலம்பூரின் உள்ளூர் எண்களில், 9-க்குப் பின் முழு 8 இலக்கம் இருந்தால் மட்டும் நீக்க வேண்டும். 9999 என்று அழுத்தினால் அவசர எண்ணான 999-க்குப் போகும்படி தனி விதியும் வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் பழைய பழக்கப்படிதான் அழுத்துவார்.

999 பற்றி இன்னும் ஒன்று. பாயான் லெப்பாஸ் ஊழியர் அழைக்கும் 999, கோலாலம்பூர் டிரங்க் (தொலைபேசி நிறுவனத்துடனான இணைப்பு) வழியாக வெளியேறினால் எதிர்முனையில் 03 எண்தான் தெரியும். அவசர அழைப்பு வழிப்படுத்தும் கொள்கையைப் பினாங்கு நெட்வொர்க் தளத்துக்குத் தனியாக அமைத்து, 999 பினாங்கு லைன் வழியாகவே போகும்படி செய்யுங்கள். இதில் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது. சாதாரண அழைப்புகளுக்கும் இதே பார்வை தேவை. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அறியாத எண்ணை எடுக்காத காலம் இது. பினாங்கு வாடிக்கையாளரிடம் 04 எண்ணோடு போகும் அழைப்பை எடுக்கும் வாய்ப்பு அதிகம்.

டீம்ஸையும் தொலைபேசி நிறுவனத்தின் எஸ்ஐபி (இணையவழி அழைப்பு நெறிமுறை) டிரங்கையும் இணைப்பது எஸ்பிசி என்ற எல்லைக் கருவி. டீம்ஸ் பக்கம் டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு), போர்ட் 5061. குரலுக்கு யூடிபி போர்ட்டுகள் 3478 முதல் 3481 வரையும், 49152 முதல் 53247 வரையும். ஃபயர்வாலில் 52.112.0.0/14, 52.122.0.0/15 என்ற மைக்ரோசாஃப்ட் ஐபி முகவரித் தொகுதிகள் இரண்டையும் முழுமையாகத் திறந்து விடுங்கள். சோதனையின்போது வந்த ஓரிரு ஐபி முகவரிகளை மட்டும் திறந்துவிட்டுப் போனால் மாதக்கணக்கில் எல்லாம் சரியாகவே ஓடும். என்றைக்கோ ஒரு நாள் மைக்ரோசாஃப்ட் பக்கம் ஆசிய மையத்திலிருந்து வேறு கண்டத்துக்கு மாறும்போது உள்வரும் அழைப்புகள் நின்றுபோகும். அன்றைக்குக் காரணம் தேடுவது கடினம்.

டிரங்க் பக்கத்தில் வேறு வகைக் கோளாறு. அழைப்பு நன்றாகத் தொடங்கி, ஏறத்தாழ 32 விநாடியில் அறுந்தால் இணையத்தைக் குறை சொல்லாதீர்கள். எஸ்ஐபி நெறிமுறையில், அழைப்பை எடுத்ததற்கான உறுதிச்செய்தி திரும்பி வராவிட்டால் 32 விநாடியில் அழைப்பைக் கைவிட வேண்டும் என்பது விதி. இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (அழைப்புச் செய்திகளை இடையில் திருத்தும் வசதி) இயங்கிக்கொண்டிருந்து அந்தச் செய்தியைக் கெடுத்திருக்கும். அதை நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகும். ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேட்காவிட்டால், எஸ்பிசி தன் வெளி ஐபிக்குப் பதிலாக உள் ஐபியை அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்.

வெளியே கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிட்ட அழைப்புகள் மட்டும் தோற்கின்றன என்ற புகாரும் வரும். வெளியாள் ஒருவர் அழைக்கிறார், டீம்ஸ் அதை மேலாளரின் கைத்தொலைபேசிக்குத் திருப்புகிறது, அனுப்புபவர் எண்ணாக அந்த வெளியாளின் எண்ணே போகிறது. உங்கள் எண் தொகுதியில் இல்லாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் மறுத்துவிடும், 403 (அனுமதி இல்லை) என்ற பதில் வரும். எஸ்பிசி அமைப்பில் அழைப்பு வரலாற்றை அனுப்பச் சொல்லி, திருப்பியவரின் எண்ணை டிரங்க் நிறுவனம் எதிர்பார்க்கும் இடத்தில் நிரப்ப வேண்டும். எந்த வடிவில் வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்பந்தம் போடும்முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

குரல் தரம் எப்படி? நன்றாகவே இருக்கிறது. ஓர் அழைப்புக்கு அதிகபட்சம் 76 கிலோபிட் போதும். ஒரே நேரத்தில் 30 பேர் பேசினாலும் 2.3 மெகாபிட் அளவுதான். வேகமான ஃபைபர் வாங்கியும் குரல் உடைகிறது என்றால் அலைவரிசை காரணமில்லை. இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பினாங்கு கிளையின் இணையம் முழுவதும் விபிஎன் வழியாகக் கோலாலம்பூருக்குப் போய்த் திரும்புகிறதா? டீம்ஸ் போக்குவரத்தை மட்டுமாவது கிளையிலிருந்து நேரடியாக வெளியே விடுங்கள். இரண்டு, யூடிபி 3478–3481 அடைபட்டிருக்கிறதா? அடைபட்டால் டீம்ஸ் டிசிபி 443-க்கு மாறிக்கொள்ளும். அழைப்பு நடக்கும், ஆனால் குரல் இழுக்கும். தாமதம் 100 மில்லிவிநாடிக்குள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30-க்குள், தரவு இழப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தால் புகார் வராது.

அழைப்பவருக்கு ஒலிக்கும் வரவேற்பு மெனுவை மலாய், ஆங்கிலம், மண்டரின், தமிழ் நான்கிலும் வைக்க விரும்பினால் அலுவலகத்தில் நன்றாகப் பேசும் ஒருவரைக் கொண்டு பதிவு செய்யுங்கள். எம்பி3 அல்லது வேவ் கோப்பு, 5 மெகாபைட்டுக்குள். தமிழுக்கு 4-ஐ அழுத்தச் சொன்னால் அந்த வரிசையில் தமிழ் பேசுபவர்கள்தான் இருக்க வேண்டும். மூத்தவர்கள் அந்த எண்ணை நம்பி அழுத்துகிறார்கள்.

அழைப்பு வரிசை அமைப்பில், நீண்ட நேரம் சும்மா இருப்பவருக்கு அழைப்பு போகும் முறை நியாயமானது. ஆனால் அதைத் தேர்ந்தால் 'கிடைக்கும் நிலை' பார்த்தே அழைப்பு போகும். மேசைத் தொலைபேசியை மட்டும் பயன்படுத்தி, கணினியைத் தொடாத வரவேற்பாளர் சில நிமிடங்களில் 'வெளியே' என்று காட்டப்படுவார், அவருக்கு அழைப்பே வராது. அத்தகையவர்கள் இருந்தால் சுழல் முறையை வைத்து, நிலை பார்ப்பதை அணைத்துவிடுங்கள். ஊழியர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு மணியடிப்பதையும் அழைப்புக் கொள்கையில் நிறுத்தலாம். இயல்பில் அது அணைக்கப்பட்டிருப்பதில்லை.

விடுமுறை நாட்களை ஒரே பட்டியலாக வைக்காதீர்கள். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும்; ஜூலை 7 ஜோர்ஜ்டவுன் பாரம்பரிய தினம் பினாங்குக்கு மட்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் கூலிமின் வேலை நேரமே வேறு. தைப்பூசம், தீபாவளி, நோன்புப் பெருநாள் தேதிகள் ஆண்டுதோறும் நகரும். டிசம்பரில் ஒருவர் உட்கார்ந்து அடுத்த ஆண்டுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை எழுதி வையுங்கள்.

பழைய லைன்களை ரத்து செய்யும் முன் கட்டடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, தீ எச்சரிக்கைப் பலகை, திருட்டு எச்சரிக்கை, ஃபேக்ஸ், பழைய அட்டை இயந்திரம் ஆகியவை எந்தப் பயனர் பட்டியலிலும் இருக்காது. ஃபேக்ஸை டி.38 (இணையவழி ஃபேக்ஸ் நெறிமுறை) வழியாகச் சோதித்துப் பாருங்கள், நிலையாக ஓடவில்லை என்றால் ஒரு தனி லைனை வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கிக்கும் தீ எச்சரிக்கைக்கும் அந்தந்த ஒப்பந்தக்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். செம்புக் கம்பித் தொலைபேசி மின்சாரம் போனாலும் ஒலித்தது. இப்போது சுவிட்ச், ஃபைபர் மோடம், எஸ்பிசி மூன்றும் யூபிஎஸ்ஸில் இருந்தால்தான் ஒலிக்கும். இடி மின்னல் மிகுந்த கோலாலம்பூர் மாலைகளில் இதைத் தவறாமல் உணர்வீர்கள்.

கைத்தொலைபேசியில் அழைப்பு தாமதமாக மணியடிக்கிறது என்றால், சில ஆண்ட்ராய்டு வகைகள் பேட்டரியைச் சேமிக்கச் செயலியை உறங்க வைப்பதுதான் காரணம். டீம்ஸுக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

நீண்டகாலப் பராமரிப்பில் கவனம் வேண்டியது எஸ்பிசியின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ். அது காலாவதியான நிமிடமே வெளி அழைப்புகள் அனைத்தும் நிற்கும், உள் கூட்டங்கள் மட்டும் ஓடும். முன்பு 398 நாள் வரை செல்லுபடியானது. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு உச்சவரம்பு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். நாள்காட்டியில் குறித்து வைத்துக் கையால் மாற்றுவது இனி ஒத்துவராது. தானாகப் புதுப்பிக்கும் வசதி உள்ள எஸ்பிசியை வாங்குங்கள், அல்லது அதைப் பொறுப்பேற்கும் சேவை நிறுவனத்திடம் விடுங்கள். விலைப்புள்ளி கேட்கும்போது, சான்றிதழை யார், எப்படிப் புதுப்பிப்பார்கள் என்ற கேள்வியை முதல் வரியிலேயே கேளுங்கள்.