கார்தஹேனாவா, பழைய சான் ஹுவானா?

கரீபியனில் ஒரே ஒரு பழைய துறைமுக நகரம்தான் பார்க்க முடியும் என்றால்? கோட்டைகளுக்காகவே போகிறவர்களுக்கு போர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவான் சரி. 1539இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ, அப்புறம் சான் கிறிஸ்தோபல், இடையில் நீல நிறக் கற்கள் பாவிய தெருக்கள் என எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி என்பதால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

என் மனம் கொலம்பியாவின் கார்தஹேனா பக்கம்தான். 1741இல் ஆங்கிலேயப் படையைத் தடுத்து நின்ற சான் ஃபெலிப்பே கோட்டைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஆனால் மதில்களின் அழகோடு நின்றுவிட வேண்டாம். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கி விற்ற துறைமுகம் இது. தப்பியோடியவர்கள் அமைத்த சான் பசிலியோ தே பலென்கே ஊர் இன்றும் தன் சொந்த மொழியோடு வாழ்கிறது. கார்தஹேனா தெருக்களில் பழம் விற்கும் பெண்கள் பலர் அந்த ஊர்க்காரர்கள். படம் எடுக்குமுன் அவர்களைக் கேளுங்கள், பழமும் வாங்குங்கள். ஒரு பகலை ஒதுக்கி பலென்கேவுக்கும் போய் வாருங்கள்.