எரிபொருள் வேண்டாத ஜெனரேட்டர்: 42,000 போச்சு

நேற்று ராத்திரிதான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வயிறு எரிகிறது, அதனால் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில். காந்த விசையில் தானாக ஓடும் ஜெனரேட்டராம். பெட்ரோல் வேண்டாம், டீசல் வேண்டாம், 1 கிலோவாட் தருமாம். விலை 42,000.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அதையே விற்பவரிடம் வீடியோ காலில் கேட்டேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி, வயர் நுனியை கேமரா முன்னால் ஆட்டினார். சக்கரம் நிற்கவில்லை, ஃபேன் ஓடியது, பல்பு எரிந்தது. பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தையும் காட்டினார். இருபது நிமிடம். "சந்தேகப்படுறது நல்லது சார், எல்லாரும் இப்படிக் கேட்கணும்" என்றார் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன். கேள்வி கேட்டதற்குப் பாராட்டுகிறவர் ஏமாற்றுவாரா என்று தோன்றிவிட்டது. அன்று மாலையே 42,000 அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் ஒரு ஃபேன், ஒரு பல்பு போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிட்டது. போன் செய்தால், "காந்தம் செட் ஆக பத்து நாள் ஆகும் சார்." பத்து நாள் கழித்து, "லோடு அதிகம் போட்டிருப்பீங்க." 1 கிலோவாட் மெஷினுக்கு ஒரு ஃபேன் அதிக லோடாம்! அப்புறம் வேறொருவர்: "பின்னாடி ஸ்டார்ட்டர் சாக்கெட் இருக்கு, ராத்திரி முழுக்க கரண்ட்ல போட்டு வைங்க." கரண்டே வேண்டாத மெஷினுக்கு சார்ஜ்! தளத்தில் புகார் கொடுத்தேன். பொருள் டெலிவரி ஆகிவிட்டது, விற்பவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று மூன்று முறையும் ஒரே பதில். இப்போது அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

திருகாணித் தலைகளில் பசை பூசி, திறந்தால் வாரண்டி இல்லை என்று ஸ்டிக்கர் வேறு. சுரண்டித் திறந்தேன். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, சின்ன இன்வெர்ட்டர் ஒன்று. சக்கரத்தைச் சுற்றுவது ஒரு குட்டி மோட்டார். சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு வயர்கூடக் கிடையாது, காந்தம் வெறும் அலங்காரம். ஒரு பேட்டரியில் 12 x 7 = 84 வாட்-அவர், அதாவது 84 வாட் லோடை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு, இரண்டுக்கும் 168. ஃபேன் 75 வாட், பல்பு 9 வாட், சேர்த்து 84. முழுசாகக் கிடைத்தாலே 2 மணி நேரம்தான். இருபது நிமிட வீடியோவுக்கு அது தாராளம்.

நிற்காமல் ஓடும் இயந்திரம் என்று எவர் கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிக்க மாட்டோம் என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே முடிவெடுத்துவிட்டது. 1813-ல் நியூயார்க்கில் ரெட்ஹெஃபர் என்பவர் இப்படி ஒன்றைக் காட்டிக் காசு பார்த்தார். நீராவிப் படகு விட்ட ராபர்ட் ஃபுல்டன், ஓட்டம் சீராக இல்லையே என்று சந்தேகப்பட்டு பக்கத்துப் பலகையைப் பெயர்த்தார். சுவருக்குள் ஓடிய வார் மேலே ஒரு அறையில் முடிந்தது. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்! இதையெல்லாம் நான் படித்தது 42,000 போன பிறகு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வீடியோவை நம்பாதீர்கள். நேரில் போய் உங்கள் லோடைப் போட்டு, நாள் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பங்கு கரண்ட் வாங்கி மூன்று பங்கு தருகிறது என்றால், அதில் ஒரு பங்கை அதற்கே திருப்பி ஊட்டச் சொல்லுங்கள், சாக்கெட் எதற்கு? பேட்டண்ட் ரகசியம், திறக்க முடியாது என்றால் கிளம்பிவிடுங்கள். பேட்டண்ட் என்பதே எப்படிச் செய்தோம் என்று ஊரறிய எழுதிக் கொடுப்பதுதான்.

இன்று காலை அதே வீடியோ வேறு பெயரில் வந்திருக்கிறது. அதே சட்டை, அதே ஃபேன், விலை 39,000. கீழே யாரோ நான் கேட்ட கேள்வியையே கேட்டிருக்கிறார். பதில்: "சந்தேகப்படுறது நல்லது சார்."