“எதுவும் விக்கல சார், சும்மா ஒரு சர்வே”: வீட்டுக்கு வரும் ஆய்வு அழைப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை

பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே, வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வரும் அழைப்பு இது. “அம்மா, நாங்க எதுவும் விக்கல. உங்க ஏரியா தண்ணியைப் பத்தி ஒரு சர்வே எடுக்கிறோம், ரெண்டே நிமிஷம்.” லோன் வேண்டுமா என்று கேட்டால் பட்டென்று போனை வைத்துவிடுபவர்கள்கூட இதற்கு நின்று பதில் சொல்வார்கள். காசா கேட்கிறார்கள், கருத்துதானே என்ற நினைப்பு.

கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, கேன் தண்ணியா? வீட்டில் எத்தனை பேர், சின்னக் குழந்தைகள் உண்டா? யாருக்காவது முடி கொட்டுகிறதா, கிட்னியில் கல் இருக்கிறதா? ஃபில்டர் வைத்திருக்கிறீர்களா, வாங்கி எத்தனை வருஷம்? கடைசியாக, “சார் ஆபீஸ்ல இருந்து எத்தனை மணிக்கு வருவாரு?” தண்ணீரின் தரத்தை ஆராய்கிறவருக்கு சார் வரும் நேரம் எதற்கு? பணம் கொடுக்கக்கூடியவர் வீட்டில் இருக்கும்போது ஆள் அனுப்பத்தான். மறுநாள் மாலை “இலவச டெஸ்ட்” என்று ஒரு பையோடு வந்து நிற்பார்.

அந்தப் பையில் இருப்பது எலக்ட்ரோலைசர் என்ற சின்னக் கருவி. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போடுவார். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பச்சையும் பழுப்புமாகத் திரிந்து, மேலே நுரையும் கசடும் மிதக்கும். அவருடைய தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். “இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீங்க” என்ற வசனம் அப்போது வரும். அதைக் கேட்டு ஆடிப்போகாத வீடு குறைவு.

நடந்தது இவ்வளவுதான். ஒவ்வொரு டம்ளரிலும் இறங்கியிருக்கும் ஜோடியில் ஒரு கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரளும். அந்த நிறமும் கசடும் கம்பியிலிருந்து வந்தவை, உங்கள் தண்ணீரில் இருந்தவை அல்ல. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. இதை அவர் கண்ணெதிரிலேயே நீங்கள் நிரூபிக்கலாம். அவருடைய ‘சுத்தமான’ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறத்துக்கு வரும். பெரும்பாலும் இந்த இடத்திலேயே பை மூடப்பட்டுவிடும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கருவி வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கும் வரை டம்ளரையோ தண்ணீரையோ யாரும் தொடக்கூடாது.

அடுத்து டிடிஎஸ் மீட்டரை எடுப்பார். அது பொய்க் கருவி இல்லை. ஆனால் அது அளப்பது கரைந்த உப்புகளை மட்டுமே. கிருமி இருக்கிறதா என்பதை அது காட்டாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-ன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆகவே 280 என்று காட்டும் மீட்டரை நீட்டி “டேஞ்சர்” என்று சொன்னால் அது விற்பனைப் பேச்சு. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்ய அறிவிக்கை வெளியிடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதையும் சொல்லிப் பாருங்கள். ஆர்ஓ ஒரு பங்கு தண்ணீர் கொடுக்க அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அது சின்ன விஷயம் இல்லை.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்கு நன்றாகக் கழுவிய கேனில் இரண்டு லிட்டர் அளவு போதும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சாதாரண மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப்போனால் முடிவு செல்லாது.

பணம் எப்படிப் போகிறது? “சர்வேயில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டும், இன்றைக்கு மட்டும்” ஒரு தள்ளுபடி. பழைய ஃபில்டரை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு ஜிபே. பில் “மெயில்ல வரும்”. மாட்டிவிட்டுப் போகிற மெஷினில் பிரபலமான கம்பெனியின் பெயரைப்போல ஒலிக்கும் ஒரு பெயர், வாரன்டி கார்டில் முகவரிக்குப் பதில் ஒரு மொபைல் எண். உள்ளே வடிகட்டும் மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும் நாளில் அந்த எண் எடுக்காது. கையெழுத்துப் போட்டது ஆர்டர் ஃபார்மா, வருடப் பராமரிப்பு ஒப்பந்தமா என்பதும் அப்போதுதான் தெரியும். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். பில் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், பழைய ஃபில்டரைக் கழற்றவும் விடாதீர்கள். கழற்றிவிட்டால் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற அவசரம் வந்துவிடும். அந்த அவசரம் அவருக்குத்தான் சாதகம்.

சர்வேயின் இன்னொரு முகம் சுற்றுலாக் கிளப். மாலிலோ பொருட்காட்சியிலோ பெட்ரோல் பங்கிலோ “லக்கி டிரா” கூப்பன் என்று பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். சில வாரம் கழித்து “ஃபீட்பேக்” அழைப்பு. கல்யாணம் ஆனவரா, வயது, மாத வருமானம், சொந்தக் கார், எந்த பேங்க் கிரெடிட் கார்டு. இவை தகுதி பார்க்கும் கேள்விகள். தேறினால் கோவாவிலோ மூணாறிலோ இரண்டு இரவு இலவசத் தங்கல் பரிசு. அதைப் பெற கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு ஓட்டலுக்கு வரவேண்டும், கார்டையும் எடுத்துவரவேண்டும். “வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்ற சாக்கு கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஜோடியாகக் கூப்பிடுகிறார்கள். உள்ளே சத்தமான பாட்டு, மேசைக்கு ஒருவர், மணிக்கணக்கில் பேச்சு, நடுவில் ‘மேனேஜர்’ வந்து விலையைப் பாதியாக்குவது, பக்கத்து மேசையில் யாரோ சேர்ந்துவிட்டதாகக் கைதட்டல். கிளப் மெம்பர்ஷிப் என்று லட்சக்கணக்கில் ஒரு தொகையைக் கார்டில் தேய்த்து இஎம்ஐ ஆக்கிவிடுவார்கள். பரிசு வவுச்சருக்குப் பயணச் செலவு சேராது, பண்டிகை நாளும் வார இறுதியும் கிடையாது, ‘யூட்டிலிட்டி சார்ஜ்’ தனி. நீங்களே பின் நம்பர் போட்டு நடந்த பரிவர்த்தனை என்பதால் பேங்கில் தகராறு எழுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஒப்பந்தத்தில் சில நாள் ரத்து அவகாசம் இருக்கிறதா என்று அன்று இரவே படியுங்கள். இருந்தால் மெயிலிலும் பதிவுத் தபாலிலும் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். போனில் “பார்த்துக்கலாம் சார்” என்று இழுத்தடிப்பது அந்த நாட்கள் முடியத்தான்.

எல்லாரும் ஏன் சர்வே என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறார்கள்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளில் வணிக அழைப்பு என்பது பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்துவது, வணிகம் தேடுவது என்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டது. முதல் அழைப்பில் கேள்வி மட்டும் கேட்டுவிட்டால் “நாங்கள் எதையும் விற்கவில்லையே” என்று வாதாட இடமிருக்கிறது. புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் போனை உடனே வைக்காதீர்கள். என்ன கம்பெனி, எதற்கு இந்த சர்வே, வீட்டுக்கு வருபவர் என்ன கொண்டுவருவார், விலை என்ன என்று நீங்கள் கேளுங்கள். பொருளின் பெயர் வாயிலிருந்து வந்த நிமிடம் அது விற்பனை அழைப்பு. நிஜமான ஆய்வு நிறுவனங்களும் போனில் பேசுவதுண்டு. ஆனால் ஆய்வு என்று சொல்லி விற்பனை செய்வதை சந்தை ஆய்வுக்கான சர்வதேச ஐசிசி–எசோமார் நெறிமுறை ஏற்பதில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள், கிரெடிட் கார்டு எந்த பேங்க் என்று கேட்டுவிட்டு ஓட்டலுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

இனி 1909, விளம்பர அழைப்புகளைத் தடுக்கவும் அவற்றின்மீது புகார் செய்யவுமான எண். ஆங்கில எழுத்தில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா விளம்பரங்களுக்கும் தடை பதிவாகும். லேண்ட்லைனிலிருந்து 1909-க்குப் பேசியே பதியலாம். பதிவு எண்ணுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அப்பா, அம்மா, தாத்தா என்று ஒவ்வொரு சிம்மிலிருந்தும் தனித்தனியாகச் செய்யவேண்டும். ஓடிபி நின்றுவிடுமோ என்று பயந்து பலர் பதியாமல் இருக்கிறார்கள். நிற்காது, பரிவர்த்தனைச் செய்திகளை இந்தத் தடை தொடுவதே இல்லை.

பதிந்த பிறகும் அழைப்பு வருகிறதே என்பதுதான் எல்லாருடைய எரிச்சலும். காரணம் இரண்டு. கூப்பனிலோ செயலியிலோ நீங்களே கொடுத்த ஒப்புதல் ஒன்று. அது தடையை மீறி நிற்கும். மற்றது, பதிவு பெறாமல் சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து அழைப்பவர்கள். முறைப்படி விளம்பர அழைப்புகள் 140-ல் தொடங்கும் எண்களிலிருந்தும், வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600-ல் தொடங்கும் எண்களிலிருந்தும் வரவேண்டும். ‘தண்ணீர் சர்வே’ ஆட்கள் இரண்டாவது ரகம். அவர்களை உங்கள் போனில் பிளாக் செய்து பயனில்லை, நாளைக்கு வேறு சிம். அந்த சிம்மைச் செயலிழக்க வைக்கப் புகார்தான் வழி.

புகார் எஸ்எம்எஸ்ஸில் மூன்று துண்டு: அழைப்பின் சாரம், ஒரு கமா, அழைத்த எண், ஒரு கமா, தேதி (நாள்/மாதம்/ஆண்டு). 1909-க்கு அனுப்புங்கள். டிராயின் டிஎன்டி செயலியில் அழைப்புப் பட்டியலிலிருந்தே எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம், தட்டச்சுப் பிழை வராது. சாரத்தில் “ஸ்பாம் கால்” என்று மட்டும் எழுதினால் போதாது. “சர்வே என்று சொல்லி வாட்டர் ப்யூரிஃபையர் விற்க முயன்றார், கம்பெனி பெயர் இது” என்று எழுதுங்கள். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் செய்யலாம், முன்பு 3 நாள்தான். பதிவு பெறாதவர்மீது புகார் செய்ய நீங்கள் தடையில் பதிந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. 5 நாளுக்குள் தொலைபேசி நிறுவனம் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

அதே திருத்தத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஓர் எண்மீது 10 நாளுக்குள் 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை. முதல் முறை 15 நாள் வெளி அழைப்பு துண்டிப்பு, திரும்பவும் செய்தால் அவர் பெயரிலுள்ள எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிப்பு. சர்வே ஆட்கள் ஒரே குடியிருப்பின் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக அழைக்கிறார்கள். எனவே அந்த எண்ணைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அழைப்பு வந்த ஐந்து வீட்டார் அன்றைக்கே புகார் அனுப்பினால் போதும். “ஜாக்கிரதை” என்று குழுவில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதால் அந்த எண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை.

மெட்ரோ வாட்டர், மாநகராட்சி என்று அரசு பெயரைச் சொல்லிப் பேசினால் அது ஆள்மாறாட்டம். அதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கவேண்டும். ஓடிபி வாங்கிப் பணத்தை எடுத்திருந்தால் நேரம் கடத்தாமல் 1930, சைபர் குற்ற உதவி எண்.

மெஷினையோ மெம்பர்ஷிப்பையோ வாங்கி ஏமாந்தவர்கள் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கால வரம்பு 2 ஆண்டு. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் ஃபார்ம், வந்த எண்களின் பட்டியல், மாட்டிய மெஷினின் லேபிள் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். லேபிளை மட்டும் சர்வீஸுக்கு வருகிறேன் என்று சொல்லி வருபவர் கிழித்துக்கொண்டு போக வாய்ப்புண்டு. மாட்டிய அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.