ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலையைவிட வால்யூமுக்குத்தான் சண்டை

அப்பாவுக்கு ஒரு 5.1 ஹோம் தியேட்டர் செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். நியூஜெர்சியிலிருந்தே கொண்டு போயிருக்கலாமே என்பவர்களுக்கு: அங்கே விற்கும் ரிசீவர்கள் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப் பெட்டிகள்) பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான், இங்கே 230. நாற்காலிக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருக்க அம்மா விட மாட்டார்.

ஆக சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட். 4440 ஐ.சி. வைத்த ஆம்ப் போர்டு வாங்கி வந்து வீட்டிலேயே சால்டர் வைத்து, ஸ்பீக்கரைப் பானை வாயில் கவிழ்த்து பேஸ் கேட்டவர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றி விளக்க வேண்டாம். இப்போது அங்கே ஏ.சி. போட்ட டெமோ ரூம்கள் வந்துவிட்டன. நான் நுழைந்த கடையில் இரண்டு செட் காட்டினார்கள், ஒன்று 55 ஆயிரம், இன்னொன்று 90. முதலில் 55, ஏதோ ஒரு வசனக் காட்சி, அடக்கமாக. அப்புறம் 90, சண்டைக் காட்சி, கண்ணாடியெல்லாம் அதிருது. "வித்தியாசம் தெரியுதா சார்?" தெரிந்தது. ரிசீவரின் டிஸ்பிளேயில் வால்யூம் மைனஸ் 32 டெசிபல் என்று இருந்தது மைனஸ் 24 ஆகியிருந்தது, அதாவது 8 டெசிபல் கூட. 3 டெசிபல் ஏற்றினாலே ஆம்ப் இரண்டு மடங்கு பவர் தள்ள வேண்டும், 8 என்றால் ஆறு மடங்குக்கும் மேல். அவ்வளவு ஏற்றினால் எந்த டப்பாவும் பிரமாதமாகத்தான் கேட்கும்.

"ரெண்டுலயும் ஒரே சீன், ஒரே சத்தம் வைங்க பாஸ்."

"சின்ன செட்டை அவ்ளோ வச்சா கிழிஞ்சிரும் சார்."

"அப்ப பெருசைக் குறைங்க."

"குறைச்சா இதோட பவர் தெரியாதே சார்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நியூஜெர்சி கடையில் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு விற்பனையாள் காணாமல் போய்விடுவான், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். இங்கே ரிமோட்டைக் கேட்டதற்கே அந்தப் பையன் முகம் சுருங்கிவிட்டது. டிஸ்பிளே எண்ணைச் சமமாக வைத்தாலும் போதாது, ஏனென்றால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, மாறும். அதனால் போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பையன் உள்ளே போய் முதலாளியையே கூட்டி வந்துவிட்டான், ஏதோ ரெய்டு வந்த மாதிரி.

சமமாக வைத்துக் கேட்டபோது வசனம் 55 ஆயிரத்தில்தான் தெளிவு, 90 ஆயிரத்தின் பெருமையெல்லாம் சப்வூஃபரில். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 1000 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.ஸா, அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவரா என்று கேட்டேன், "டோட்டல் சார்" என்றார் முதலாளி. பி.எம்.பி.ஓ. என்ற அந்தக் காலத்து ஊதிப் பெருக்கிய வாட்ஸ் கணக்கு செத்துப்போனது என்று நினைத்திருந்தேன், பெயரை மாற்றிக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறது.

மனிதர் ஆனால் தங்கமானவர், டீ வரவழைத்தார். நியூஜெர்சியில் யார் டீ தருகிறார்கள், ஒரு டாலராவது குறைக்கிறார்களா? பேரம் பழைய தாளத்தில் சுகமாகப் போனது, பில் வேண்டும் என்று நான் வாய் திறக்கும்வரை. உடனே "ஜி.எஸ்.டி. 18 பர்சன்ட் தனி" என்றார். பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யே எல்லா வரியும் சேர்த்ததுதானே என்று விரலை வைத்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, அந்த 55 ஆயிரம் செட்டுக்கு பில்லோடு 47 ஆயிரத்துக்கு இறங்கி வந்தார். பில் இல்லாமல் வாரன்டிக்கு அப்பா யாரிடம் போய் நிற்பார்?

ஸ்பீக்கர் வயர் இலவசம் என்று ஒரு சுருளை நீட்டினார்கள். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அதை அங்கேயே வைத்துவிட்டு நல்ல செம்பு வயரை எதிர்க்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினேன். அங்கேயும் முதலில் பூச்சு வயரைத்தான் எடுத்து நீட்டினார்.