கார்டு மாறும் இடத்தில் சோலோவும் மாற: ஆர்பெஜியோவோடு சில ஆண்டுகள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் புளூஸும் ஓரளவுக்கு ஜாஸும் வாசிக்கிறவன் என்ற முறையில், தனி வாசிப்பான சோலோவுக்கு ஆர்பெஜியோவையே முதன்மையாக வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் பழகியதில் கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஒரு கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் தொகுப்பு) உள்ள ஸ்வரங்களை ஒரே மீட்டலில் சேர்த்து ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பதே ஆர்பெஜியோ என்பது கிட்டார் பழகுகிற பலருக்கும் தெரியும். கிரேடு தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவர்களும் நிறைய உண்டு. ஆனால் பின்னணியில் கார்டுகள் மாறிக்கொண்டே போகும்போது, அந்த மாற்றத்தைத் தனி ஸ்வரங்களைக் கொண்டே கேட்பவருக்கு உணர்த்துவதற்கு அதைப் பயன்படுத்துவது முற்றிலும் வேறொரு பழக்கம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலன் நிச்சயம் உண்டு, ஆனால் தாமதமாகத்தான் கிடைக்கும், அதுவும், பலர் எதிர்பார்ப்பதைப் போல விரல் வேகத்தின் வடிவில் கிடைக்காது.

கிட்டார் சோலோ பழகுகிற எல்லோரையும் போல நானும் 5ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் உலோகக் கோடுகளால் பிரிக்கப்பட்ட கட்டம்) அமைகிற ஏ மைனர் பென்டடானிக்கில்தான் தொடங்கினேன். ஏ, சி, டி, இ, ஜி என்ற அந்த ஐந்து ஸ்வரங்களும் ஏ புளூஸின் 12 பார்களில் (பார் என்பது இங்கே நான்கு அடிகள் கொண்ட தாளப் பகுதி) எங்கே வாசித்தாலும் பெரிதாக உறுத்துவதில்லை. அடியில் ஏ7 போனாலும் டி7 போனாலும் விரல்கள் ஒரே பாதையில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த வசதியே நாளடைவில் சலிப்பைத் தந்தது. பின்னணியை அணைத்துவிட்டுச் சோலோவை மட்டும் ஒலிக்கவிட்டால், கார்டு எந்த இடத்தில் மாறியது என்பதை வாசித்தவராலேயே கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஆர்பெஜியோ இங்கே என்ன செய்கிறது என்பதை அதே ஏ புளூஸை வைத்தே விளக்கிவிடலாம். ஏ7 கார்டின் ஸ்வரங்கள் ஏ, சி ஷார்ப் (ஷார்ப் என்றால் ஒரு ஃப்ரெட் மேலே), இ, ஜி. டி7 கார்டின் ஸ்வரங்கள் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. எளிய வடிவத்தில் முதல் 4 பார்கள் ஏ7, 5ஆவது பாரில் டி7 வருகிறது. கையை 5ஆம் ஃப்ரெட்டை விட்டு நகர்த்தாமல் பார்த்தால், மூன்றாவது தந்தியின் 6ஆம் ஃப்ரெட்டில் இருக்கிற சி ஷார்ப், டி7 வரும்போது ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கி 5இல் சி ஆகிறது. இரண்டாவது தந்தியின் 8ஆம் ஃப்ரெட்டில் இருக்கிற ஜி, அதேபோல ஒரு ஃப்ரெட் இறங்கி 7இல் எஃப் ஷார்ப் ஆகிறது. கார்டின் மூல ஸ்வரத்தை ஒன்றாக வைத்து எழுத்து வரிசையில் எண்ணினால், இவை இரண்டும் ஏ7 கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். இறங்கிய பிறகு, முறையே டி7 கார்டின் ஏழாவதாகவும் மூன்றாவதாகவும் நிற்கின்றன. நான்காவது பாரின் கடைசி அடியில் சி ஷார்ப்பைத் தொட்டு, ஐந்தாவது பாரின் முதல் அடியில் சி ஸ்வரத்தில் இறங்கிவிட்டால் போதும். பின்னணியே இல்லாவிட்டாலும் கார்டு மாறியது காதில் விழும். வாசிக்கிற முழு ஆர்பெஜியோவையும்விட இந்த ஒரு ஃப்ரெட் இறக்கம்தான் முக்கியம் என்பதே இத்தனை காலத்தில் எனக்கு நன்றாக உறைத்த செய்தி.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இது சற்றுப் புதிதாகத்தான் இருக்கும். ஏ ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் சி ஷார்ப் அந்தர காந்தாரம், சி சாதாரண காந்தாரம். பெரும்பாலான ராகங்கள் இவற்றில் ஒன்றைத்தான் ஏற்கும். இங்கோ நான்காவது பாரில் ஒரு காந்தாரம், ஐந்தாவது பாரில் மற்றொரு காந்தாரம். 9ஆவது பாரில் இ7 வரும்போது நிஷாதமும் கைசிகியிலிருந்து காகலிக்கு மாறிவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம் ஜி ஷார்ப். தம்புரா நிலையாக ஒலிக்க, அதன்மீது ராகத்தை விரித்துப் பழகிய மனம், ஆதாரமே சில நொடிகளுக்கொரு முறை நகர்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். ஸ்வர ஞானம் உள்ளவர்களுக்கு அதே ஞானம் பிறகு பெரிய துணையாகவும் அமைகிறது; எந்தக் காந்தாரம் ஒலிக்கிறது என்பது அவர்களுக்கு ஃப்ரெட்போர்டைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு, வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் பெடல்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்து, 12 பார்களின் கார்டுகளையும் நானே வாசித்துப் பதிவுசெய்து, அதன்மேல் அடிக்கு ஒரு ஸ்வரம் என்ற கணக்கில் ஆர்பெஜியோக்களை வாசிப்பேன். அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 48 நொடிகள் ஆகும். கேட்க அலுப்பாக இருந்தாலும், அடுத்த கார்டை முன்கூட்டியே நினைக்க அவகாசம் கிடைப்பது அங்கேதான். ஆயத்தமான பேக்கிங் ட்ராக்குகளும் (பின்னணி இசைப் பதிவுகள்) நல்லவைதான், ஆனால் அவற்றில் பேஸும் டிரம்ஸும் முழங்குவதால் நம் சோலோ உண்மையில் இருப்பதைவிட அழகாகக் கேட்கிறது. விரல் நுட்பத்தில் ஓர் இடம் தொடர்ந்து தொல்லை தரும்: ஏ7 ஆர்பெஜியோவில் இரண்டாவது தந்தியின் இ ஸ்வரமும் முதல் தந்தியின் ஏ ஸ்வரமும் ஒரே 5ஆம் ஃப்ரெட்டில் இருக்கின்றன. ஒரே விரலைப் படுக்கவைத்து இரண்டையும் அழுத்தினால் அவை சேர்ந்து ஒலித்து, ஆர்பெஜியோ மறுபடியும் கார்டாகிவிடும். விரல் நுனியிலிருந்து அதன் தட்டையான பகுதிக்கு உருட்டி, முந்தைய தந்தியை அந்தக் கணமே அடக்க வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் இந்தக் குறை பல மடங்கு பெரிதாகக் கேட்கும்.

ஆர்பெஜியோவைப் பற்றிய பொதுவான புகார், சோலோ பயிற்சிப் பாடத்தைப் போல ஒலிக்கிறது என்பது. அந்தப் புகார் நியாயமானதே. ஒவ்வொரு கார்டு வரும்போதும் அதன் மூல ஸ்வரத்தில் தொடங்கி மேலே ஏறினால், ஏணியில் ஏறி இறங்குவதைப் போலத்தான் இருக்கும். இதிலிருந்து மீள இரண்டு பழக்கங்கள் உதவின. முதலாவது, கார்டு மாறும்போது கை எங்கே இருக்கிறதோ அதற்கு மிக அருகிலுள்ள ஸ்வரத்தில் அடுத்த ஆர்பெஜியோவைத் தொடங்குவது. இரண்டாவது, குறிவைத்த ஸ்வரத்தை நேரடியாகத் தொடாமல் அரைப்படி (ஒரு ஃப்ரெட்) மேலிருந்தும் கீழிருந்தும் சூழ்ந்து வருவது: டி7 வரும் இடத்தில் இரண்டாவது தந்தியில் 8, 6, 7 என்று ஜி, எஃப், எஃப் ஷார்ப் வாசித்து, கடைசி ஸ்வரம் முதல் அடியில் விழும்படி செய்தால், அதே ஆர்பெஜியோ பேச்சைப் போல ஒலிக்கத் தொடங்குகிறது. ஏ7 போகும்போது சி ஸ்வரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஹேமர்-ஆன் செய்வதும் (மறுபடி மீட்டாமல் விரலைத் தட்டியே ஒலிக்கச் செய்வது) இதே வகைதான். பென்டடானிக்கில் நாம் ஏற்கெனவே பழகிய சி, புறக்கணிக்க வேண்டிய ஸ்வரமாக இல்லாமல், வந்துசேர்வதற்கான வாசலாகிவிடுகிறது. பென்டடானிக்கைத் தூக்கியெறியச் சொல்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஜாஸுக்குப் போனால் இந்த முறை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற தொடரில் சி ஸ்வரம் பி ஸ்வரத்துக்கும், எஃப் ஸ்வரம் இ ஸ்வரத்துக்கும் அரைப்படி இறங்குவதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. டி மைனர் 7 மீது எஃப் மேஜர் 7 ஆர்பெஜியோவை வாசிப்பது போன்ற உத்திகள், அதாவது மூல ஸ்வரத்தை பேஸ் கிட்டாருக்கு விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை எடுத்துக்கொள்வது, அதன் பிறகு வந்தால் போதும். புதிய வடிவங்களைக் கற்க வேண்டியதில்லை, தெரிந்த வடிவத்தை வேறிடத்தில் வைப்பதுதான் வேலை.

விரல் வலிமைதான் தடை என்று நினைப்பவர்கள் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் கேட்கலாம். 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, சோலோக்களைப் பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களாலேயே வாசித்தவர் அவர். அவருடைய வாசிப்பில் நிறைந்திருப்பவை ஆர்பெஜியோக்களே. 1939இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களும் கார்டு வடிவங்களை ஒட்டியே பிறந்தவை. மெதுவாக ஓடவிட்டுக் கேட்டால் அவர் எந்த ஸ்வரத்தில் இறங்குகிறார் என்பது தெளிவாகத் தெரியும்.

பயன்படாத இடங்களும் உண்டு. ஒரே கார்டு பல பார்களுக்கு நீளும் பாடல்களில் ஆர்பெஜியோ மட்டும் போதாது. நான்கு ஸ்வரங்கள் விரைவில் தீர்ந்துவிடும், அங்கே ஸ்கேலும் தாளமும்தான் சோலோவைத் தாங்கும். பவர் கார்டுகளால் ஆன ராக் பாடல்களில் மூன்றாவது ஸ்வரமே பின்னணியில் இல்லாததால், நாம் மெனக்கெட்டுக் குறிவைத்து இறங்குவது பல சமயம் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். கார்டுகள் மிக விரைவாக மாறுகிற பாடல்களுக்கு இந்த முறை பொருந்தும் என்றாலும், அந்த வேகத்தில் யோசித்து வாசிக்க வழியில்லை. கையில் ஏறிய பிறகுதான் அவற்றைத் தொட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஃப்ரெட்போர்டு முழுவதுக்குமான வடிவங்களை அச்சிட்டு வைத்துக்கொள்வதற்கு முன்பு, ஏ புளூஸின் மூன்று கார்டுகளையும் 5ஆம் ஃப்ரெட்டைச் சுற்றி மட்டும் பழகிப் பார்க்கலாம். முதல் மூன்று தந்திகளே இதற்குப் போதும். அது கைக்கு வந்தபின், 8ஆவது பாரில் ஏ7 இருக்கும் இடத்தில் எஃப் ஷார்ப் 7 போட்டு, ஏ ஸ்வரம் ஏ ஷார்ப்புக்கு ஏறுவதை வாசித்துப் பாருங்கள். ஜாஸ் புளூஸுக்கான கதவு அந்த இடத்தில்தான் இருக்கிறது.